மைக்கில் வாசித்த பிழை

அன்பு மகன் ஒகஸ்ரினுக்கு,

மடு மாதாவின் காவலில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன், நான் இங்கே சுகமா என்று கேட்டால் முழங்காலைத் தவிர உடம்பு சுகம், மனம்தான் உலைநீர் மாதிரிக் கொதித்துக்கொண்டிருக்கிறது. திகதி போடட்டுமா என்று மர்சூக் கேட்டார், போட்டாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது என்றேன். என் கணக்கில் இது கொழும்பில் ஆட்சி மாறிய வருஷம், அதே தை மாதத்தில் பாப்பரசர் மடுவுக்கு வந்து நாங்கள் வெயிலில் நின்று அவருடைய வெள்ளைத் தொப்பியை மட்டும் கண்டு திரும்பிய வருஷம், தலைமன்னார்த் துறைக்குத் திரும்பவும் ரயில் ஓடத் தொடங்கிய வருஷம். இப்போது சோளகக் காற்று பிடித்து மண்ணை வாரி அடிக்கிறது, திருவிழாக் கொடியேற்றத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இதை எழுதுகிறவர் மர்சூக். பள்ளிவாசல் ஒழுங்கையில் கடை வைத்திருந்த சாஹுல் ஹமீட்டை உனக்கு ஞாபகம் இருக்கும், அவருடைய மகன். புத்தளத்தில் இருபது வருஷம் அகதியாக இருந்துவிட்டு, சண்டை முடிந்த பிறகு வந்து, தகப்பனின் கடை இருந்த இடத்தில் பற்றையை வெட்டி அதிலேயே கடை போட்டிருக்கிறார். நம் கோயில் சனத்தில் எவரிடம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டாலும், கடிதம் தபால் கந்தோருக்குப் போகுமுன் சங்கதி ஊருக்குப் போய்விடும். மர்சூக்குக்கு நம் கோயில் வழக்கில் பங்கு இல்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் கதைக்கத் தொடங்கினால் நீ அதை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டு வெங்காயம் உரிக்கிறாய், மருமகள் கேட்கிறாள், பிள்ளைகள் கேட்கிறார்கள், போன முறை உங்கள் சங்கத்து ஆள் யாரோ கூட இடையில் எனக்கு வணக்கம் சொன்னார். என் மகனைப் பேச வேண்டியதை நாலு பேர் கேட்க நான் பேச மாட்டேன். ஆகவே இதை நீ தனியே இருந்து வாசி.

வீட்டுப் புதினங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்குப் பொறுமை இருக்காது. உன் தங்கச்சி றோசலினின் வீட்டுத்திட்ட வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, கதவு யன்னல் இன்னும் இல்லை, வாசலுக்குப் படங்குச் சீலை கட்டிக்கொண்டு இருக்கிறாள். அவளுடைய சின்னவள் கோயிலில் முதல்நன்மை எடுத்தாள், நீ அனுப்பிய வெள்ளைச் சட்டை தோளில் பெரிது, ஊசி குத்திச் சமாளித்தோம், பிள்ளை வானத்துச் சம்மனசு மாதிரி இருந்தாள். கிணற்றை இறைத்தோம், உள்ளே இருந்து சயிக்கிள் றிம்மும் யாரோ ஒளித்து வைத்து மறந்த குத்துவிளக்கும் வந்தன, தண்ணீர் மட்டும் இன்னும் உப்புச் சவர். ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்றை நாய் கொண்டுபோய்விட்டது. அம்மாவுக்கு வருஷப் பூசை கொடுத்தேன், அவளுக்கு இங்கே கல்லறை இல்லாதபடியால் கோயில் சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்தினேன், காற்று அணைக்க அணைக்கத் திரும்பக் கொளுத்தினேன். நீ அங்கே பனியில் வழுக்கி விழாதே என்று எழுதச் சொன்னேன், இப்போது அங்கேயும் வெயில்காலம்தான் என்று மர்சூக் சொல்கிறார், அப்படியானால் வெயிலில் வழுக்காதே.

இனி விஷயம். பெந்தகோஸ்து திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து சுவாமி மற்ற ஊர்ப் பூசைக்கு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார், சனம் எழும்பப்போன நேரம் கோயில் காரியம் பார்க்கிற மூப்பர் லம்பேட் பீடத்துப் படியில் நின்றுகொண்டு, ஒருவரும் எழும்ப வேண்டாம், கனடா ஊர்ச்சங்கத் தலைவரிடமிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது என்றார். என் மகனின் தாள் என்று நான் நிமிர்ந்து இருந்தேன். நீங்கள் அனுப்பிய புது மைக்கில்தான் வாசித்தார், சத்தப்பெட்டி இரண்டும் கோயில் முகட்டில் கட்டியிருக்கிறது, கடற்கரையில் வலை காயப்போடுகிறவனுக்கும் கேட்கும். அன்பான விசுவாசிகளே என்று தொடங்கியது. அன்போடும் தாழ்மையோடும் ஒரு சகோதரரைத் திருத்த விரும்புகிறோம் என்று வந்தது. அதற்குப் பிறகு பேர் வந்தது. ஞாயிறு பூசை நேரத்தில் நண்டு வலை எடுக்கிற சந்தியோகு, ஒரு காலத்தில் மூப்பராக இருந்து ஊருக்குக் கட்டளை சொன்ன சந்தியோகு, ஓய்வுநாளை விற்றுத் தின்கிற சந்தியோகு. போட்டோ ஆதாரம் வைபரில் வந்து கைவசம் இருக்கிறதாம். திருவிழாவில் அவர் மாதாவைத் தூக்குகிற கூட்டைத் தொடக் கூடாதாம், செபமாலை சொல்லிக் கொடுக்கக் கூடாதாம், எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சபையில் சேர்க்க வேண்டுமாம். முடிவில் திரும்பவும் அன்பும் தாழ்மையும். அன்பை முன்னுக்கும் தாழ்மையைப் பின்னுக்கும் வைத்து நடுவில் மனிதனைப் போட்டு நசித்திருக்கிறாய்.

உனக்குப் போட்டோ அனுப்பியவன் இன்னொன்றைச் சொல்லியிருக்க மாட்டான். அந்த ஞாயிறு சந்தியோகு கோயிலில் இருந்தார். மாதக்கணக்காக வராத மனிதர், அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து கடைசி வாங்கில் இருந்தார். நன்மை வாங்கவில்லை, ஆனால் வந்திருந்தார். பேர் வாசித்ததும் முன்வாங்கிலிருந்து பின்வாங்கு வரை அத்தனை தலையும் திரும்பியது. அவர் எழும்பி, பீடத்தைப் பார்த்து முழங்காலை மடித்துச் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனார். வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடினார், ஒன்றுதான் அகப்பட்டது, அவ்வளவு கண்ணுக்கு முன்னால் மற்றதைத் தேடிக்கொண்டு நிற்க ஏலாமல், அகப்பட்டதைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு போனார். மைக் அப்போதும் வாசித்துக்கொண்டே இருந்தது. சிலபேர் சிரித்தார்கள். றோசலினின் புருஷனும் சிரித்தான், அன்றைக்கு மத்தியானம் என் சட்டியிலிருந்து அவனுக்கு மீன் போகவில்லை.

அவர் செய்தது பிழை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிழைதான். சனிக்கிழமை மாலை மணி அடித்தால் ஞாயிறு மாலை மணி அடிக்கும் வரை இந்த ஊரில் ஒரு வள்ளமும் தண்ணீரில் இறங்காது, என் பாட்டன் காலத்திலும் அப்படி, பசி கிடந்த காலத்திலும் அப்படி. அதை அவர் மீறினார், ஒருமுறை இல்லை, பலமுறை. இன்னொன்றும் கேள், எனக்குச் சந்தியோகுவைப் பிடிக்காது. இந்தக் கடிதம் சிநேகிதனுக்காக எழுதுகிற கடிதம் என்று நினைத்துவிடாதே. அவர் மூப்பராக இருந்த காலத்தில் திருவிழாக் கூடு தூக்கும்போது முன்பக்கத்து இடக்கை இடம் எங்கள் குடும்பத்து இடம், அதை எடுத்துத் தன் மச்சானுக்குக் கொடுத்த மனிதர் அவர். மச்சானுக்குத் தோள் காணாமல் கூடு சரிந்து மாதாவின் முடி ஒரு பக்கம் சாய்ந்தது, இன்றைக்கும் அது என் கண்ணில் நிற்கிறது. யார் எந்த இடத்தில் கரைவலை வளைப்பது என்கிற பாட்டிலும் எனக்கும் அவருக்கும் வாய்த்தர்க்கம். அவர் சிரிக்கிற விதமும் எனக்குப் பிடிக்காது. பிடிக்காத மனிதரைத் திருத்துகிறதுக்குத்தான் வழி வேண்டும், பிடித்தவனைத் திருத்த வழி எதற்கு. அந்த வழி நம் ஊரில் இருந்தது, நீ அதை மறந்துவிட்டாய், அல்லது கனடாவில் அது செல்லாது என்று நினைத்துவிட்டாய்.

தண்ணீர் கேட்டுப் போகிறது என்று அதற்குப் பேர். ஒருவர் பிழை செய்தார் என்று தெரிந்தால் மூப்பர் தனியே அவர் வளவுக்குப் போவார், செருப்பை வேலிப் படலைக்கு வெளியே விடுவார், குடிக்கத் தண்ணீர் கேட்பார். பிழை செய்தவர் தன் கையால் மொண்டு கொடுக்க வேண்டும், பெண்சாதி கொடுத்தாலும் பிள்ளை கொடுத்தாலும் வாங்கக் கூடாது. குடித்துவிட்டு மூப்பர் நிலத்தில் இருப்பார், மற்றவரை உரலிலோ திண்ணைக் குந்திலோ மேலே இருத்துவார். முதலில் தன்னுடைய பிழை ஒன்றைச் சொல்வார், அதற்குப் பிறகுதான் அவருடையதைச் சொல்வார். தண்ணீர் கிடைக்காவிட்டால் வாய் திறக்காமல் திரும்பிவிடுவார், இன்னொரு நாள் வருவார். இந்தச் சவர் ஊரில் வெயிலில் நடக்கிற எவனும் எந்த வளவிலும் தண்ணீர் கேட்பான், ஆகவே வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டு நிற்கிறவளுக்கு வந்தவர் தாகத்துக்கு வந்தாரா பிழைக்கு வந்தாரா என்று தெரியாது. பிழை அந்த வளவுக்குள்ளேயே தீரும். உன் சகோதரன் பிழை செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கும்போது சொல் என்று ஆண்டவர் சொன்னதைப் பழைய சுவாமி பிரசங்கம் வைக்கும்போது, நம் சனம் தலையாட்டிக் கேட்கும், இதை நாங்கள் எப்போதோ செய்கிறோம் என்கிற மாதிரி.

முகாம்தான் அதைக் கெடுத்தது. சண்டை முடிந்த கையோடு செட்டிக்குளத்தில் கம்பிக்குள் இருந்த காலத்தில் விடிந்தால் ஒலிபெருக்கி, பொழுதுபட்டால் ஒலிபெருக்கி. யார் பதிய வர வேண்டும், யாரை விசாரிக்க வேண்டும், தண்ணீர் வரிசையில் சண்டை பிடித்தது யார், எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடும். முதலில் யார் பேர் கேட்டாலும் சனம் தன் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தது. போகப்போக மற்றவன் பேர் கேட்டால் ஒரு ஆறுதல் வந்தது, நான் இல்லை, அவன்தான் என்று. அந்த ஆறுதலைத்தான் சனம் தகரத்தோடும் படங்கோடும் சேர்த்து ஊருக்குக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அன்றைக்குக் கோயிலில் சிரித்த சிரிப்பு அந்தச் சிரிப்பு. நீ முகாமில் இருக்கவில்லை, அது உனக்குத் தெரியாது, ஆனால் மைக்கை அனுப்பியது நீ. இதை எழுதிக்கொண்டிருந்த மர்சூக் பேனையை நிறுத்தி, "எங்களுக்கும் தொண்ணூறாம் ஆண்டு இயக்கத்துக்காரங்க ஸ்பீக்கர்லதான் சொன்னாங்க ஐயா, ஊரை விட்டுப் போகச் சொல்லி" என்றார். அதையும் எழுதும் என்றேன், எழுதியிருக்கிறார்.

அந்த ஞாயிறு பின்னேரம் நான் உனக்குப் போன் எடுத்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். இப்படிச் செய்யலாமா என்று கேட்டதுக்கு நீ, "உண்மையைத்தானே சொன்னனாங்கள் அப்பா, பொய் எண்டால் காட்டுங்கோ" என்றாய். பின்னால் யாரோ அது சரி என்று சொன்ன சத்தமும் கேட்டது. உண்மையா பொய்யா என்று நான் கேட்கவில்லையே. மீன் வெட்டுகிற கத்தியும் உண்மையான கத்திதான், அதற்காகப் பிள்ளையின் தலைமயிரை அதால் வெட்டுவாயா. மூப்பர் லம்பேட்டிடமும் கேட்டேன். அவர், தலைவர் அனுப்பினார் நான் வாசித்தேன், எனக்கு என்ன வந்தது என்றார். தலைவர் கடலில் குதி என்றால் குதிப்பீரோ என்று கேட்டேன், அதற்குச் சங்கம் கோயிலுக்குச் செய்த உதவியெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார், நான் நடந்து வந்துவிட்டேன். சுவாமி இளம் ஆள், நல்ல பிள்ளை, விஷயம் கேள்விப்பட்டுச் சந்தியோகுவின் வீட்டுக்குப் போனார், கதவு திறக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு மங்கள வார்த்தைச் செபம் சொல்லிவிட்டு வந்தாராம்.

மூப்பர் போகாவிட்டால் யார் போகிறது. புதன்கிழமை நான் போனேன். செருப்பைப் படலைக்கு வெளியே விட்டேன், மணல் சுட்டது. சந்தியோகு வேப்பமரத்தடியில் நண்டு வலையை உரப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் பானை சட்டிகள் சாக்கில் கட்டிக் கிடந்தன. நான் தண்ணீர் கேட்டேன். அவர் நிமிராமல், என் பேரை இழுத்து, "கேக்கிறது ஆர், செபமாலையோ கனடாச் சங்கமோ" என்றார். செபமாலைதான் என்றேன். "உம்மட மகன் தந்தது திறமான மைக். ஒரு எழுத்தும் நிலத்தில விழேல்லை" என்றார். அவருடைய பெண்சாதி பிலோமினா உள்ளே இருந்து செம்போடு வந்தாள், அவள் கையால் வாங்க மாட்டேன் என்று தலையாட்டினேன், அவளுக்கு விளங்கிவிட்டது, செம்பை மரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் அந்தச் செம்பை எடுக்கவில்லை. வள்ளத்துக்குள் தண்ணீர் அள்ளி ஊற்றுகிற டப்பா ஒன்று கிடந்தது, அதை எடுத்து வாளிக்குள் மொண்டு என்னிடம் நீட்டினார். நண்டு நாறியது. நான் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். குடித்துவிட்டு நிலத்தில் இருந்தேன், முழங்கால் சத்தம் போட்டது. "இருக்கிறது லேசு, எழும்பேக்கை ஆரைக் கூப்பிடுவீர்" என்று கேட்டுக்கொண்டு அவர் கவிழ்த்த உரலில் இருந்தார்.

வழக்கப்படி என் பிழையைச் சொன்னேன், போன மாதம் ஒரு ஞாயிறு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிழிந்த வலை பொத்தினேன் என்று. அது தனக்குத் தெரியும், நான் பொத்திய வலை திங்கட்கிழமைக்குள் திரும்பக் கிழியும், ஆகவே அதைப் பாவத்தில் சேர்க்க ஏலாது என்றார். பிறகு நான் அவருடையதைச் சொன்னேன். சந்தியோகு, ஞாயிறு கடலில் இறங்கியது பிழை, நீர் மூப்பராக இருந்த ஆள், சின்னதுகள் உம்மைப் பார்த்துப் பழகும் என்றேன். நீ நினைக்கிற மாதிரி அவர் சண்டைக்கு வரவில்லை. "ஓம். பிழைதான்" என்றார். கையில் இருந்த நூல்முடிச்சை அவிழ்த்துக்கொண்டே காரணத்தைச் சொன்னார். இந்தியாவின் றோலர் இழுவைப் படகு திங்கள், புதன், சனி இரவுகளில் நம் கரைக்குக் கிட்ட வரை இழுத்துக்கொண்டு வருகிறது, வலை தண்ணீரில் கிடந்தால் காலையில் கயிறு மட்டும்தான் மிச்சம். சனி பின்னேரமே வலையை எடுத்துவிட்டால் மணி அடிக்குமுன் கரைக்கு வரலாம், ஆனால் அந்த நேரத்துச் சோளகத்தில் தனி ஆள் வலையும் இழுத்து வள்ளமும் பிடிக்க ஏலாது. அவருடைய மகன் இருந்த காலத்தில் இரண்டு பேர், சண்டையின் கடைசியில் மாத்தளனில் அவன் போன பிறகு ஒரு ஆள். சனி காலையில் றோலர் வராத ஓரக்கடலில் வலையை விட்டுவிட்டு, காற்று விழுந்த ஞாயிறு காலையில், நண்டு கெடுமுன் எடுக்கப் பழகிவிட்டார். அன்றைக்குக் கோயிலுக்கு வந்தது சுவாமியிடம் இதைச் சொல்லி, சனி பின்னேரம் கைகொடுக்க யாரையாவது கேட்கச் சொல்லத்தான். "ஒருத்தன் வந்து கேட்டிருந்தால் அண்டைக்கே சொல்லியிருப்பன். படம் பிடிச்சவனுக்கும் வாய் இருந்தது" என்றார்.

மகனே, ஒரு கைதான் வேண்டியிருந்தது. ஊரே சேர்ந்து மைக்குக்குக் கம்பி இழுத்தது, ஒரு சனி பின்னேரம் ஒரு வள்ளத்தைப் பிடிக்க ஒரு கை வரவில்லை. இனி நான் வருகிறேன் என்றேன். "உந்த முழங்காலோடையோ" என்று அவர் சிரித்தார், எனக்குப் பிடிக்காத அதே சிரிப்பு. றோசலினின் புருஷனை அனுப்புகிறேன் என்றேன், அவன் சிரித்ததுக்கு அது பாவப்பரிகாரமாக இருக்கட்டும். அதற்கு அவர் இனி ஒருவரும் வரத் தேவையில்லை என்றார். கட்டிக் கிடந்த சாக்குகளைக் காட்டினார். கொடியேற்றத்துக்கு முதல் பிலோமினாவையும் கூட்டிக்கொண்டு கீரி என்கிற ஊரில் இருக்கிற மகளிடம் போகிறாராம், வீட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்றி அங்கே மகளின் வீட்டோடு சாய்த்து ஒரு பத்தி இறக்குவாராம். கீரியில் யாருக்கும் தன் பேர் மைக்கில் தெரியாது என்றார். ஷெல்லுக்கு ஓடி, பங்கருக்குள் கிடந்து, கம்பிக்குள் இருந்து, மகனைப் பறிகொடுத்து, பற்றைக்குள் தன் வீட்டு அத்திவாரத்தைத் தடவிக் கண்டுபிடித்துத் திரும்பக் குடியிருந்த மனிதன். எந்த ஆமியும் இந்த முறை அவரை எழுப்பவில்லை. நீ ஒரு தாளால் எழுப்பியிருக்கிறாய்.

நான் எழும்பும்போது அவர்தான் கை கொடுத்தார், அதையும் எழுதச் சொல்கிறேன், மறைக்க மாட்டேன். ஆனால் போவதுதான் என்றார். நான் கேட்டு அவர் நிற்க மாட்டார், என்னை அவர் சட்டை செய்ய மாட்டார், நானும் அவருக்காக அழ மாட்டேன். பிழையைப் பறையடித்தது நீ, நீதான் கேட்க வேண்டும்.

இனி எழுதப்போகிறதை மர்சூக் கேட்க விரும்பவில்லை, குடும்பச் சங்கதி என்றால் நான் தேத்தண்ணீர் போட எழும்புகிறேன் என்றார். நடந்தது என்ன என்று நான் சொல்லப்போவதில்லை, நீர் பயப்படாமல் எழுதும் என்று இருத்தியிருக்கிறேன். உனக்கு மீசை அரும்பிய காலம், கடலுக்குப் போகக் கூடாது என்று நேவி முதல்முதல் தடை போட்ட வருஷம், பெரிய வெள்ளி வருகிற பாஸ்கு வாரம். வயல்பக்கத்திலிருந்து அரிசி கொண்டுவருகிற இராசம்மாவுக்கு நீ செய்தது. அது என்ன என்று இந்தத் தாளில் வராது, உனக்குத் தெரியும், வாசிக்கும்போது உன் காது சுடும். சைவக்காரி, நம் கோயிலை நம்பி நம் வளவுகளுக்குள் வந்து போன மனுசி. அவள் அழுதுகொண்டு போய் முறையிட்டது அன்றைக்கு மூப்பராக இருந்த சந்தியோகுவிடம். அவர் நினைத்திருந்தால் ஞாயிறு பூசை முடிய ஒரு வாய் போதும், மைக் தேவையில்லை, நீ இந்த ஊரில் தலை நிமிர்ந்திருக்க மாட்டாய், உன்னைக் கனடாவுக்குக் கூப்பிட்ட சம்பந்தமும் வந்திராது, இன்றைக்குத் தலைவர் என்று ஒரு நாயும் உன்னைக் கூப்பிடாது. அவர் என்ன செய்தார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா. செருப்பில்லாமல் நம் வளவுக்கு வந்து தண்ணீர் கேட்டார். நான் கொடுக்கப் போனேன், என் கையால் வாங்கவில்லை, பொடியன் தரட்டும் என்றார், அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. நீ செம்பில் கொண்டுபோனாய், வழியில் பாதி சிந்தியது, மிச்சத்தை அவர் குடித்தார். குசினிக்குப் பின்னால் மண்ணில் இருந்துகொண்டு உன்னை உரலில் இருத்தினார். உன்னை விட எத்தனை வயது மூத்த மனிதர், ஊருக்கு மூப்பர், உன் காலடியில் இருந்தார். நான் படலையைச் சாத்திவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டேன், அவர் உனக்குச் சொன்ன தன் பிழை என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீ உள்ளே வந்து அம்மாவின் மடியில் விழுந்ததை அம்மா சொன்னாள். அடுத்த நாள் நீயும் அவரும் வயல்பக்கம் நடந்து போனீர்கள், இராசம்மாவின் வாசலில் உனக்கு முன்னால் அவர் கைகூப்பினாராம். அந்தப் பெரிய வெள்ளிக்குச் சிலுவை தூக்க யாரைக் கூப்பிட்டார், உன்னைத்தான், ஒருவருக்கும் சந்தேகம் வராதபடிக்கு. அதற்குப் பிறகு எனக்கும் அவருக்கும் எத்தனை வாய்ச்சண்டை, கரைவலைப் பாட்டில், கள்ளுத் தவறணையில், முகாமில் கூடாரத் தறப்பாளுக்கு. ஒருநாளும் அந்தச் சங்கதி அவர் வாயில் வந்ததில்லை. புதன்கிழமை நான் அவர் முன்னால் நிலத்தில் இருந்தபோதும் வரவில்லை. மைக்கைச் சொல்லிக் குத்தினார், அதைத் தொடவில்லை.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சந்தியோகுவுக்குப் போன் இல்லை, தினமும் காலையில் பாண் வாங்க மர்சூக்கின் கடைக்கு வருகிறார், அங்கே உனக்கு இரவாக இருக்கும், இருந்தால் என்ன, முழித்திருந்து எடு. மர்சூக் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே நிற்பதாகச் சொல்லியிருக்கிறார், மர்சூக் சொன்னால் நிற்பார். சங்கத்தின் பேரில் கதைக்காதே. தாள் வாசிக்காதே. அன்பு என்ற சொல்லும் தாழ்மை என்ற சொல்லும் உன் வாயில் வரக் கூடாது. உன் பிழையை முதலில் சொல், அதற்குப் பிறகு போகாதேயுங்கோ அம்மான் என்று கேள், அவர் ஏசினால் ஏச்சைக் கேள், போனை வைத்தால் அடுத்த நாளும் எடு. மைக்கில் திருத்தம் வாசிக்கச் சொல்லி லம்பேட்டுக்கு இன்னொரு தாள் அனுப்பினாய் என்று கேள்விப்பட்டால் அந்தப் பெட்டி இரண்டையும் முகட்டிலிருந்து நானே கழற்றிக் கிணற்றுக்குள் போடுவேன். அவர் போய்விட்டாரானால் திருவிழாவுக்கு நீ வர வேண்டாம், மாலையும் பொன்னாடையும் வாங்கி வைத்திருக்கிறார்களாம், அவர்கள் அதை மைக்குக்குப் போடட்டும்.

இவ்வளவு பேசினாலும் நீ என் பிள்ளை, கடலும் சண்டையும் கொண்டுபோகாமல் எனக்கு மிஞ்சினவன். மாதா உன்னையும் உன் குடும்பத்தையும் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும், பேரப்பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டு விடு, மருமகளுக்கு என் ஆசீர்வாதம். கடைசியாக ஒன்றை நினைவுபடுத்துகிறேன். அந்தப் பாஸ்கு வாரத்தை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பழைய சுவாமி யாழ்ப்பாணத்தில் படுக்கையில் கிடந்து போனார். இராசம்மாவை மாத்தளனில் ஷெல் கொண்டுபோனது. அம்மா முகாமில் கண்ணை மூடினாள். நான் பெற்றவன், என்னை அந்தக் கணக்கில் சேர்க்காதே. உன்னை அன்றைக்கு அறிந்தும் உன் பேரைக் காப்பாற்றியவர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது ஒரே ஒரு ஆள், சந்தியோகு.

இப்படிக்கு,
உன் அப்பா
நீக்கிலான் செபமாலை
பெருவிரல் அடையாளம்